சத்தமில்லாத ஸ்பைடர்மேன்

என் மகள் சென்னையில் விஸ்காம் படிக்கிறாள். போன செமஸ்டரில் அவளுக்கு ஓர் அசைன்மென்ட் வந்தது. பழைய சூப்பர்ஹீரோ கார்ட்டூன் தொடர் ஏதாவது ஒன்றில் ஓர் எபிசோடை எடுத்துக்கொண்டு விமர்சனம் எழுத வேண்டும். இருபது மார்க். கார்ட்டூன் பார்ப்பதற்கு மார்க் போடுகிறார்கள். அதற்கு நான் ஃபீஸ் கட்டுகிறேன். கட்டிய ரசீதைப் பத்திரமாக எடுத்தும் வைக்கிறேன். இதே கார்ட்டூனைப் பார்த்துவிட்டு நான் வீடு திரும்பிய காலத்தில் என் அப்பா வாசலில் பூவரசங்கம்போடு நிற்பார். கல்வி எவ்வளவோ முன்னேறிவிட்டது.

அவள் எடுத்துக்கொண்டது 1967-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்பைடர்மேன்’ தொடர். மொத்தம் 52 எபிசோடு, 1970 வரை ஓடியது. அதன் முதல் சீசனில் ‘டபுள் ஐடென்டிட்டி’ என்றொரு கதை. அசல் ஸ்பைடர்மேனும், அவனைப் போலவே வேடம் போட்டு வந்த ஒருவனும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் கைநீட்டிக் காட்டுவது அதில்தான் வருகிறது. தொடரைப் பார்க்காதவர்களுக்கும் அந்தக் காட்சி தெரிந்திருக்கும். இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று ‘நீதான் பி டீம்’ என்று திட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நம் வாட்ஸ்அப்பில் வந்து இறங்குகிற மீம் அதுதான்.

“இந்த சீரியலை நான் அப்பவே டிவியில பாத்திருக்கேன்” என்றேன், ரொம்ப சாதாரணமாக.

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் பல வருடங்களுக்குப் பிறகு மரியாதை தெரிந்தது. “நெஜமாவாப்பா? அந்தக் காலத்து ஆடியன்ஸ் பேட்டி இருந்தா வெயிட்டா இருக்கும்” என்று போனில் ரெக்கார்டரைத் தட்டி என் முன்னால் வைத்தாள். சிப்பாய்க் கலகத்தை நேரில் பார்த்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு தொண்டையைச் செருமினேன்.

நான் பார்த்தது சாத்தூரில், எண்பதுகளின் பின்பாதியில், தூர்தர்ஷனில். எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டில் மட்டும்தான் டிவி. கருப்பு வெள்ளை சாலிடேர். மரக்கதவை இருபுறமும் இழுத்து மூடிப் பூட்டும் வகை. பீரோவுக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு காவல் கிடையாது. மொட்டை மாடியில் இரும்புக் குழாயில் கட்டிய ஆன்டெனா, கொடைக்கானல் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து நிற்கும். காற்றடித்தால் திரை முழுக்க எறும்பு ஊரும். உடனே ஒருத்தன் மாடிக்கு, ஒருத்தன் படிக்கட்டுக்கு, ஒருத்தன் வாசலுக்கு. “திருப்பு… திருப்பு… வந்துருச்சு… ஏலே, போச்சுடா!” மாடிக்குப் போனவன் அன்றைக்குப் படம் பார்க்கவே மாட்டான். ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் படம் தெரியும் என்பது பலமுறை நிரூபிக்கப்பட்டிருந்தது.

பட்டாசாலையில் சிமென்ட் தரையில் எங்களுக்கு இடம். கால் கழுவிவிட்டு வர வேண்டும், சுவரில் சாயக்கூடாது, ‘ஒலியும் ஒளியும்’ நேரத்தில் பெரியவர்கள் வந்தால் பின்னால் நகர்ந்துவிட வேண்டும். இதெல்லாம் எல்லா டிவி வீட்டிலும் இருந்த சட்டம்தான். அந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு சட்டம் இருந்தது. ஸ்பைடர்மேன் தொடங்கியதும் முதலாளியம்மா எழுந்து வந்து சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவார்.

“இங்கிலீசுலதானே பேசுறான்? ஒங்களுக்கு என்ன வெளங்கப்போகுது? கரண்டுக்குத் தெண்டம்.”

சத்தத்துக்குத் தனியாகக் கரண்டு ஆகும் என்பது அந்த வீட்டு விஞ்ஞானம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படத்துக்கு மட்டும் அந்த விஞ்ஞானம் ஓய்வெடுத்துக்கொள்ளும். தெருக்கோடிவரை வசனம் கேட்கும். ஆக, எங்களுக்குக் கிடைத்த ஸ்பைடர்மேன் சாம்பல் நிறத்தில், எறும்புகளுக்கு நடுவே, வாய்பேசாமல் கட்டடம் கட்டடமாகத் தாவினான். எது எந்தக் கதை, யார் வில்லன், எதற்குத் துரத்துகிறான் என்ற விவரமெல்லாம் நாங்களாகப் போட்டுக்கொண்டதுதான்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சாத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சிவகாசி. 1984-இலிருந்து அங்கிருந்துதான் லயன் காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது. அதில் எங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஸ்பைடர் உண்டு. காது கூர், தலைமுடி கூர், பார்வையும் கூர். ‘கூர்மண்டையன்’ என்று இன்றும் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் பாசமாகச் சொல்லும் ஆசாமி. பிரிட்டனில் 1965-இல் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய ஆரம்பித்த கதை; கொஞ்ச நாளிலேயே சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அதை எழுத வந்துவிட்டார். அந்த ஸ்பைடர் தொழில்முறைக் குற்றவாளி. குற்ற உலகத்துக்கே ராஜாவாக ஆசைப்பட்டவன். வலைத்துப்பாக்கி வைத்திருப்பான், ஹெலிகாரில் பறப்பான், பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு எடுபிடிகள் வேறு.

அவனைப் படித்துவிட்டு டிவிக்கு வந்தால் எப்படி இருக்கும்? எங்கள் கூட்டத்தில் லயன் காமிக்ஸை அட்டை போட்டுச் சேர்த்து வைத்திருந்தவன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: “இது டூப்ளிகேட்டுடா. ஹெலிகார் எங்க? பெல்ஹாம் எங்க? அசல் ஸ்பைடரு இப்படி முகத்தை மூடிக்கிட்டா திரிவான்?” எங்கள் தெருவில் நடந்த முதல் கார்ட்டூன் விமர்சனக் கூட்டம் அதுதான். மார்வெல்காரர் 1962-லேயே வந்துவிட்டார் என்றும், கூர்மண்டையர்தான் மூன்று வருடம் இளையவர் என்றும் எடுத்துச்சொல்ல அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் டூப்ளிகேட்டைப் பார்க்க யாரும் வராமல் இருக்கவில்லை. டூப்ளிகேட் தவறாமல் வந்தது, இலவசமாக வந்தது, அசல் அப்படி இல்லை; காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இவ்வளவையும் ரெக்கார்டரில் சொல்லி முடித்த பிறகு, “சரிப்பா, ‘டபுள் ஐடென்டிட்டி’ பாத்தப்போ எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். அதைப் பார்த்தேனா என்று எப்படிச் சொல்வது? மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளில் அது வந்திருக்கலாம். லேப்டாப்பில் போடச் சொன்னேன். முதன்முறையாக ஸ்பைடர்மேனை முழு வண்ணத்தில், முழுச் சத்தத்தோடு, சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன்.

கதை ஒரு வரிதான். சார்லஸ் கேமியோ என்று ஒரு நடிகன். யார் மாதிரி வேண்டுமானாலும் வேடம் போடுவான். அந்தத் திறமையைத் திருட்டுக்குப் பயன்படுத்துகிறான். அவன் ஸ்பைடர்மேனாகவும் வந்து நிற்கிறான். வேடம் போட்டால் உடுப்பு வரும், சரி; பல்லி மாதிரி சுவரில் ஒட்டும் வித்தை எங்கிருந்து வரும் என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்கும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக எடுத்த படம் என்பதால் அந்தக் கேள்வி வராது என்று நம்பி எடுத்திருக்கிறார்கள் போல.

நமக்கு இரட்டை வேடம் புதிதில்லை. இந்தத் தொடருக்கு இரண்டு வருடம் முன்னால், 1965-லேயே ‘எங்க வீட்டுப் பிள்ளை’ பார்த்த ஊர் இது. ஆனால் சினிமாவில் இரட்டை வேடம் என்பது செலவுக் கணக்கு. கேமராவில் பாதியை மறைத்து ஒரு தடவை எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும். கோடு தெரிந்தால் போச்சு. கார்ட்டூனில் அதற்கு நேர்மாறு. இரண்டு வெவ்வேறு ஆட்களை வரைவதுதான் செலவு. ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பதைப் போல மலிவான காட்சி உலகத்தில் கிடையாது. அந்தப் புகழ்பெற்ற காட்சியை நிறுத்தி வைத்துப் பாருங்கள். ஒரே பொம்மையை இடதும் வலதுமாகத் திருப்பிப் போட்ட மாதிரிதான் இருக்கிறது. இருவரும் அசைவதுகூட இல்லை. விரலை நீட்டுகிறார்கள், நிற்கிறார்கள். மீம் ஆவதற்கு அசையாமல் நிற்பது பெரிய தகுதி என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தொடரின் முதல் சீசனை எடுத்தது கிரான்ட்ரே-லாரன்ஸ் என்ற ஸ்டுடியோ. அதற்கு முந்தைய வருடம், 1966-இல், அவர்கள் மார்வெல் காமிக்ஸ் பக்கங்களையே ஜெராக்ஸ் எடுத்து, உதட்டை மட்டும் ஆட்டி, ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ என்று ஒரு தொடரே நடத்திவிட்டவர்கள். அந்தப் படிப்பினை ஸ்பைடர்மேனில் முழுக்க வேலை செய்கிறது. காமிக்ஸில் அவன் சட்டை நெடுக வலைக்கோடு இருக்கும். இங்கே முகமூடியிலும் கையுறையிலும் பூட்ஸிலும் மட்டும் வலை. மார்பு மொழுமொழுவென்று சிவப்பு. ஒவ்வொரு படத்திலும் அத்தனை கோடு போடக் கூலி யார் கொடுப்பது? மார்பில் உள்ள சிலந்திச் சின்னத்துக்கும் எட்டுக்கால் இல்லை, ஆறுதான். இரண்டு கால் மிச்சம்.

முகமூடிதான் எல்லாவற்றிலும் பெரிய லாபம். மற்ற ஹீரோக்கள் பேசினால் வாயசைவு வரைய வேண்டும். இவனுக்கு வாயே வெளியில் தெரியாது. தலையை லேசாக ஆட்டினால் பேசுகிறான் என்று அர்த்தம். கனடாவில் டொரன்டோ பக்கம் உட்கார்ந்துகொண்டு பால் சோல்ஸ் என்ற நடிகர் குரல் கொடுத்தார். எந்தப் படத்துக்கு எந்த வசனத்தை வைத்தாலும் உதடு ஒட்டியது. ஸ்பைடர்மேனைத் தமிழில் பேசவைக்கிற இன்றைய டப்பிங்காரர்களுக்கும் இது பெரிய உபகாரம். சிக்கனமான தயாரிப்பாளருக்கு என்றே ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பிள்ளை பெற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த ஊஞ்சல். அவன் வலைவிட்டு ஆடிப் போகும் காட்சிகள் சில உண்டு. அதே காட்சிகள்தான் தொடர் நெடுக. நியூயார்க்கின் கட்டடங்கள் எல்லாம் அவன் காலுக்குக் கீழே இருக்கின்றன. அவன் பிடித்துத் தொங்கும் வலை மேலே எங்கோ வானத்தில் ஒட்டியிருக்கிறது. “எதுலப்பா ஒட்டுது?” என்றாள். சாத்தூரில் நாங்கள் இதைக் கேட்டதே இல்லை. மேலே ஏதோ இருக்கும், எறும்பு மறைக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

சிக்கனம் செய்தும் அந்த ஸ்டுடியோ திவாலாகிப் போனது. அடுத்த இரண்டு சீசன்களை கிரான்ட்ஸ் ஃபிலிம்ஸுக்காக ரால்ஃப் பாக்ஷி எடுத்தார். அவர் கையில் பணம் இன்னும் குறைவு, கற்பனை அதிகம். வானம் ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று கொந்தளிக்கும். வில்லன்கள் பாதாளத்திலிருந்து பச்சை முகத்தோடு வருவார்கள். 1970-இல் வந்த ‘ரிவோல்ட் இன் தி ஃபிப்த் டைமென்ஷன்’ என்ற எபிசோடு, அதே நிறுவனத்தின் ‘ராக்கெட் ராபின் ஹூட்’ தொடரில் வந்த ஒரு கதையை எடுத்து, ராபின் ஹூட் இருந்த இடத்தில் ஸ்பைடர்மேனை வைத்து ஒப்பேற்றியது. பழைய வேட்டியில் தலையணை உறை தைப்பது நம் வீட்டில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். இந்த பாக்ஷிதான் 1972-இல் ‘ஃப்ரிட்ஸ் தி கேட்’ எடுத்தார். பெரியவர்களுக்கு மட்டும் என்று எக்ஸ் முத்திரை வாங்கிய முதல் அமெரிக்கக் கார்ட்டூன் படம். நல்லவேளை, முதலாளியம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மரக்கதவையும் சேர்த்து மூடியிருப்பார்.

இந்த வானங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. இந்தத் தொடரில் கொஞ்சமாவது துணிச்சலாக ஏதாவது இருக்கிறதென்றால் அது அந்த வண்ணம். அது எங்களுக்கு வரவில்லை. எங்களுக்கு வந்தது கோடு. கோடுதான் அதில் மட்டமான சரக்கு.

எரிச்சல் அதோடு நிற்கவில்லை, ஏனென்றால் அதற்குள் இசை காதில் விழுந்துவிட்டது. தொடக்கப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் பாப் ஹாரிஸ். வரிகள் எழுதியவர் பால் பிரான்சிஸ் வெப்ஸ்டர், சினிமாப் பாட்டுக்காக மூன்று ஆஸ்கார் வாங்கியவர். முதல் சீசனின் பின்னணி இசை ரே எல்லிஸ். 1958-இல் பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ இசைத்தட்டுக்கு வாத்தியக் கோப்பு செய்த அதே எல்லிஸ். ஆறுகால் சிலந்தி, வானத்தில் ஒட்டிய வலையில் தொங்கிக்கொண்டு பத்தாவது முறையாக அதே கட்டடத்தைத் தாண்டுகிறது. பின்னால் பித்தளை வாத்தியங்கள் முதல்தரமான ஜாஸ் வாசிக்கின்றன. டிரம்ஸ் ஓடுகிற ஓட்டத்தில் ஓடாத படம்கூட ஓடுகிற மாதிரி இருக்கிறது. துரத்தல் காட்சிகளில் ஆள் அசையவில்லை, இசைதான் துரத்துகிறது. கண்ணுக்கு மிச்சம்பிடித்த காசையெல்லாம் காதுக்குச் செலவழித்துவிட்டார்களோ என்னவோ. பிந்திய சீசன்களில் இங்கிலாந்தின் கேபிஎம் இசைக் களஞ்சியத்திலிருந்து ரெடிமேடாக எடுத்துப் போட்டார்கள், அதுவும் மோசமில்லை.

‘இங்கிலீசுலதானே பேசுறான்’ என்று மூடி வைக்கப்பட்டது இதுதான். வாத்தியத்துக்கு மொழி ஏது என்று முதலாளியம்மாவிடம் யார் சொல்வது?

மகள் தன் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். குறைந்த அசைவின் அழகியல், பாப் ஆர்ட் வண்ணத் தேர்வு, நகரத் தனிமையின் குறியீடாக ஆளில்லாத தெருக்கள் என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தாள்.

“ஆளில்லாத தெரு எதுக்குன்னா, ஆள் வரைய காசில்லை” என்றேன்.

“அது பட்ஜெட் இல்லப்பா, ஈஸ்தெடிக்.”

“காசு தீந்துபோனா எல்லாமே ஈஸ்தெடிக்தான் பாப்பா.”

அவள் விடவில்லை. 2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தை எடுத்து ஒரு காட்சியைப் போட்டாள். விநாடிக்கு 24 சட்டகம் ஓடுகிற இடத்தில், ஓவியத்தைச் சட்டகத்துக்குச் சட்டகம் மாற்றாமல் இரண்டிரண்டு சட்டகத்துக்கு நிறுத்துவது கார்ட்டூன்காரர்களின் பழைய சிக்கன வழி. இந்தப் படத்தில் புதிதாகச் சக்தி கிடைத்துத் தடுமாறும் மைல்ஸை அப்படி நிறுத்தி நிறுத்தி அசைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் அவனோடு தாவும் அனுபவசாலி பீட்டர் மட்டும் சட்டகத்துக்குச் சட்டகம் வழுக்கிக்கொண்டு போகிறார். இளையவனின் தடுமாற்றம் கதையிலேயே தெரிகிறது. படத்துக்கு ஆஸ்கார் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கையில் காசில்லாதவன் செய்தது மட்டம். இன்றைக்குக் கை நிறையக் காசுள்ளவன் செய்தால் கலை. நான் சொன்னதைத்தான் இது நிரூபிக்கிறது என்றேன். தான் சொன்னதைத்தான் நிரூபிக்கிறது என்றாள் அவள். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் கைநீட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தப் படத்தின் கடைசியில், பெயர்ப் பட்டியல் எல்லாம் ஓடி முடிந்தபின், எதிர்காலத்து ஸ்பைடர்மேன் ஒருவன் 1967-க்குப் போய் நம் மொழுமொழு மார்புக்காரனைச் சந்திக்கிறான். யார் முதலில் கைநீட்டியது என்று இருவருக்கும் தகராறு. 2022-இல் டோபி மெக்வயர், ஆன்ட்ரூ கார்ஃபீல்ட், டாம் ஹாலண்ட் என்று மூன்று சினிமா ஸ்பைடர்மேன்களும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அதேபோலக் கைநீட்டி நின்று ‘நோ வே ஹோம்’ படத்துக்கு விளம்பரம் கொடுத்தார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள், கோடு போடக் கூலியில்லாமல் எடுத்த ஒரு காட்சியை நகல் எடுக்க வந்து நிற்கிறார்கள். இதில் யார் டூப்ளிகேட் என்று எங்கள் லயன் காமிக்ஸ்காரனைத்தான் கேட்க வேண்டும். அவன் இப்போது கோவில்பட்டியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். போன் போட்டுக் கேட்டேன். “ரெண்டும் டூப்ளிகேட்தான். ஹெலிகார் எங்க?” என்றான்.

அசைன்மென்ட்டுக்கு இருபதுக்குப் பதினேழு வந்தது. ‘அந்தக் காலப் பார்வையாளர் பேட்டி’ பகுதி சுவையாக இருப்பதாகவும், ஆனால் பேட்டி கொடுத்தவர் தலைப்பை விட்டு அடிக்கடி விலகிப் போவதாகவும் அவளுடைய பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

என்னிடம் மார்க் கேட்டால், ‘டபுள் ஐடென்டிட்டி’க்கு ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு இப்படிப் போடுவேன்: கதைக்கு ஒன்று, ஓவியத்துக்கு ஒன்று, இசைக்கு நாலரை. தேடி எடுத்துப் பார்க்கிறவர்கள் சத்தத்தை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்டு மிச்சம் பிடித்தே ஆகவேண்டும் என்றால் திரையை அணைத்துவிடுங்கள்.